நாற்பத்தொரு மாடுகளும் ஒரு நீலச் சீசாவும்

வியாழக்கிழமை காலை ஒன்பது ஐந்துக்குக் கோமளா எங்கள் ஆபீஸ் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறி வந்தார். என் கைக்கடிகாரம் இரண்டு நிமிடம் முந்தி ஓடும். எனவே ஒன்பது மூன்று என்று குறித்தேன். பிறகு, முந்தி ஓடுவது சுவர்க் கடிகாரமோ என்று சந்தேகம் வந்து பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

“என்ற சீசாவைக் காணோமுங்க!” என்றார் கோமளா.

“மெதுவாச் சொல்லுங்க அம்மணி. மதுவிலக்கு நாட்டுல இதை இப்படிச் சத்தமாச் சொல்லக் கூடாதுங்க” என்றேன்.

அது என் வாய் செய்த வேலை. நான் ஐயாசாமி. பகலில் துப்பறியும் நிபுணர் ரங்கநாயகியின் உதவியாளன். சாயங்காலம் டைப்ரைட்டிங் வகுப்பு மாணவன். எதையும் இரண்டு தரம் சரிபார்த்து எழுதுகிறவன். என் வாய் மட்டும் ஒரு தரம்கூடச் சரிபார்க்காமல் பேசிவிடும்.

“ஐயாசாமி, நாற்காலி போடு” என்றார் ரங்கநாயகி அக்கா. பதினாறு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் கோயமுத்தூரின் எல்லாக் குரல்களையும் கேட்டவர். பொய் எந்த எழுத்தில் தொடங்குகிறது என்று அவர் காதுக்குத் தெரியும். “உக்காந்து சொல்லு கண்ணு. சீசாவுல என்ன?”

கோமளாவின் அப்பாவுக்குப் பீளமேட்டில் மில். மகளோ மில் பக்கமே போகாமல் கல்லூரி ஆய்வகத்தில் நான்கு வருஷமாகத் தாமிரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

“நடுவுல ஒரு தாமிர அணுங்க. அதைச் சுத்தி நாலு பக்கமும் மூலக்கூறு கை நீட்டிப் பிடிச்சிருக்கும். அந்தப் பிடியை மாத்தி மாத்திப் பாக்கறதுதான் என்ற ஆராய்ச்சி. புதுசா நான் சேத்த சரக்கு கல்கத்தாவுல இருந்து வர எட்டு மாசமாச்சு. செஞ்சது ஒரே சீசா. நல்ல கருநீலம்.”

“அது என்ன பண்ணும்?”

“பெராக்சைடுல ரெண்டு சொட்டு விட்டா நுரைச்சுப் பொங்கும். பொங்கி அடங்கினதுக்கப்புறமும் அந்த ரெண்டு சொட்டு அப்படியே இருக்கும். மறுபடி பெராக்சைடு ஊத்தினா மறுபடி பொங்கும். வினையூக்கிங்க. வேலையை முடிச்சுக் குடுத்துப்போட்டுத் தான் தேயாம வெளிய வந்துரும்.”

“அப்ப எங்க அக்கா மாதிரிங்க. ரெண்டு பேரை மோத விட்டு உண்மையைப் பொங்க வெச்சுட்டு, சேலை கசங்காம வெளிய வந்துருவாங்க.”

அக்கா என்னைப் பார்த்தார். நான் பென்சிலைச் சீவத் தொடங்கினேன்.

“பன்னெண்டு சுத்து வரைக்கும் நானே பாத்திருக்கேனுங்க” என்று கோமளா தொடர்ந்தார். “பக்கத்து மேசையில சென்னகேசவன்னு ஒருத்தர். அவர் ரெண்டாவது சுத்துலயே அது செத்துப்போயிரும், மீதியெல்லாம் கோமளாவோட கற்பனைன்னு ஊரெல்லாம் சொல்லிப்போட்டார். நாளைக்குக் காலையில பத்து மணிக்குப் பெங்களூர்ல இருந்து பரீட்சகர் வாரார். அவர் கண்ணு முன்னால அது பொங்கோணும். சீசா இல்லைன்னா நான் நாலு வருஷமாப் பொய் எழுதினதா ஆயிரும்.”

சொல்லும்போது அவர் குரல் கடைசி வார்த்தையில் உடைந்தது. அக்கா எழுந்து செருப்பை மாட்டினார். உடைகிற குரலில் பொய் இருக்காது என்பது அக்காவின் கணக்கு.

ஆய்வகத்தில் ஒன்பது நாற்பதுக்கு இருந்தோம். அலமாரியின் பூட்டு உடையவில்லை, பூட்டே கிடையாது. நேற்றுக் காலை பத்தரைக்கு இருந்த சீசா பன்னிரண்டுக்கு இல்லை. அந்த நேரமெல்லாம் கோமளா அதே அறையில், அலமாரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வேறொரு சோதனைக்குத் துளி எண்ணிக்கொண்டிருந்தார்.

சீசா இருந்த இடத்தில் ஒரு பழைய துணி விரித்திருந்தது. அதன் நடுவே தோசைக் கரண்டி அளவுக்கு ஓட்டை. ஓரமெல்லாம் கஞ்சி மாதிரி குழைந்து நீலமாக இருந்தது.

“எலிங்களா?” என்றேன்.

“இல்லீங்க. மூடி சரியா உக்காரலை, கசியும். அந்தக் கரைசல் பருத்தியைக் கரைச்சுரும்.”

“கோயமுத்தூர்ல உக்காந்துட்டுப் பருத்தியைக் கரைக்கிற மருந்தா? உங்கப்பாவுக்குத் தெரியுங்களா?”

“தயவு செஞ்சு சொல்லிப்போடாதீங்க” என்றார் கோமளா. வந்ததிலிருந்து முதல் தரமாக அவர் முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

அக்கா துணியை முகர்ந்தார். மாட்டுத் தொழுவ வாசனை. அம்மோனியா என்றார் கோமளா. “நல்லது. எடுத்துட்டுப் போன ஆளோட துணியில ஓட்டை இருக்கும்” என்றார் அக்கா.

அப்போது கதவருகே ஒருவர் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. இவர்தான் சென்னகேசவன் என்று அறிமுகமில்லாமலே தெரிந்தது. கோமளா அவருக்கும் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். நான் அவரைச் சுற்றி ஒரு முழு வட்டம் நடந்து பார்த்தேன். ஓட்டை இல்லை.

“அது டெரிலின் சட்டை. கரையாது” என்றார் கோமளா சுவரைப் பார்த்தபடி.

“அப்ப ஓட்டை இல்லாததே சாட்சிங்க” என்றேன்.

“நேத்தே பிரின்சிபால்கிட்ட என் பேரைச் சொல்லியாச்சு. இன்னைக்குச் சட்டை மேலயும் கேஸா?” என்றார் சென்னகேசவன். “பொங்காத சீசாவைத் திருடி நான் என்னங்க செய்யறது?”

“அலமாரிக் கதவைப் பாருங்க” என்றார் கோமளா.

கைப்பிடியில் செந்நிறமாக மூன்று விரல் தடம். “இரும்பு ஆக்சைடு. இந்தக் கட்டடத்துல இரும்புல வேலை செய்யறவர் இவர் ஒருத்தர்தான். இவர் மேசையில ஒரு டப்பா நிறைய இதே பொடி இருக்குது.”

அக்கா அந்தச் சிவப்பை விரலால் தொட்டு, என் நோட்டுப் புத்தகத்தில் ஒரு சுத்தமான பக்கத்தைத் தேடி அதில் தேய்த்தார். ஐந்து நிமிடம் எல்லோரும் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். சிவப்பைச் சுற்றி ஈரம் போல ஒரு வளையம் மெல்ல விரிந்தது.

“எண்ணெய்” என்றார் அக்கா. முகர்ந்தார். “விளக்கெண்ணெய். ஏனுங்க தம்பி, உங்க பொடியில விளக்கெண்ணெய் கலப்பீங்களா?”

“நான் கெமிஸ்டுங்க. குழந்தைக்குப் பேதிக்குக் குடுக்கறவன் இல்லை.”

“கோமளா, உனக்கு இது இரும்பு ஆக்சைடு. எனக்கு இது செங்காவி. செங்காவியை விளக்கெண்ணெயில குழைச்சு எதுக்குப் பூசுவாங்க?”

படித்தவர்கள் இருவரும் விழித்தார்கள். எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தது சரிதானா என்று யோசிப்பதற்குள் என் வாய் சொல்லிவிட்டது: “மாட்டுக் கொம்புக்குங்க!”

“ஆடி மாசத்துல கொம்பு தீட்டின மாடெல்லாம் எங்க போகும்?”

“அந்தியூர்ச் சந்தைக்குங்க!”

கோமளா அதற்குள் கார்ச் சாவியை எடுத்துவிட்டார். “இவர் ஆள் வெச்சு எடுத்திருக்கார்” என்று சென்னகேசவனைக் கடந்து போகும்போது சொன்னார். நான் கிளம்பும் முன் கோமளாவின் நேற்றைய துளிக் கணக்குப் பக்கத்தை என் நோட்டில் அப்படியே பெயர்த்து எழுதிக்கொண்டேன். எண்கள் வரிசையாக இருந்தால் நான் எழுதாமல் விட மாட்டேன்.

சத்தி ரோட்டில் கோமளா ஃபியட்டை ஓட்டிய வேகத்தை நான் குறிக்கவில்லை, பென்சில் நிற்கவில்லை. ஆடிக் காற்று ஒரு பக்கம் தள்ள, லாரிகள் மறுபக்கம் ஒதுங்க, கோபி தாண்டியதும்தான் மூச்சு விட்டேன்.

“அந்த வாசனையை வெச்சு ஆளைப் பிடிச்சுரலாமுங்களா?” என்று கேட்டேன்.

“பிடிக்கலாம்” என்றார் அக்கா. “சந்தையில மாடு ஒண்ணுகூட இல்லைன்னா.”

அந்தியூரில் மாடு இருபதாயிரம் இருந்திருக்கும். எண்ணவில்லை. குதிரைகள் வேறு கொட்டுக்குத் தகுந்தபடி கால் மாற்றி ஆடிக்கொண்டிருந்தன. புழுதியும் காற்றும் சாணமும் கலந்து, நாட்டிலுள்ள அம்மோனியா முழுவதும் அங்கேதான் செய்யப்படுகிறது போலிருந்தது. வேட்டி, துண்டு, சட்டை எல்லாவற்றிலும் ஓட்டை. பாதிப் பேருடையது வறுமை, மீதிப் பேருடையது பீடி. நான் ஏழு ஓட்டைகளை அருகில் போய்ப் பரிசோதித்தேன். ஏழாவது ஓட்டையின் சொந்தக்காரர் என்னை மாடு ஓட்டும் தார்க்குச்சியால் பரிசோதிக்க வந்தார்.

அந்த நேரத்தில்தான் சிரிப்புச் சத்தம் கேட்டது.

ஒரு வேப்பமரத்தடியில் வட்டமாகக் கூட்டம். நடுவில் இரண்டு பேர் மாட்டுக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்கள். சந்தையில் விலையை வாயால் சொல்லும் வழக்கம் கிடையாது. இருவரும் கையைக் கோத்து, மேலே துண்டைப் போட்டு மூடி, உள்ளே ஒருவர் விரலை ஒருவர் பிடித்துத்தான் பேசுவார்கள். முகத்தில் ஒன்றும் தெரியக் கூடாது என்று ஒருவர் வானத்தையும் மற்றவர் மாட்டின் வாலையும் பார்ப்பார்கள். இங்கேயும் அப்படித்தான் பார்த்தார்கள். ஆனால் துண்டின் நடுவே முறுக்குத் தட்டு அளவுக்கு ஓட்டை. உள்ளே எந்த விரலை எந்த விரல் பிடிக்கிறது என்று ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

“மாசாணம் அண்ணா, மோதிர விரலையும் சேத்துப் புடிங்க!” என்று கூட்டத்திலிருந்து யாரோ கத்தினார்.

வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பெரிய மீசைக்காரர் திடுக்கிட்டுக் கீழே பார்த்தார். “இதென்ன கருமாந்தரம்! சென்னிமலைத் துண்டுங்க, போன வாரம்தான் வாங்கினேன்!”

ஓட்டையின் ஓரம் கஞ்சி மாதிரி குழைந்திருந்தது. நீலமாக.

“ஏனுங்க மாசாணம்” என்றார் அக்கா, துண்டின் ஒரு நுனியைப் பிடித்தபடி. “இதுல சுத்தி எடுத்துட்டு வந்த சீசா எங்கீங்க?”

அவர் ஓடுவார் என்று நான் வேட்டியை மடித்துக் கட்டித் தயாரானேன். ஓடவில்லை. எங்கள் பின்னால் கோமளாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்து கும்பிட்டார்.

“அடடே, அம்மணி! வாங்க வாங்க. உங்க மருந்து ஒண்ணாம் நம்பருங்க! மகராசியா இருக்கோணும்!”

“யார் சொல்லி எடுத்தீங்க? சென்னகேசவன்தானுங்களே?” என்றார் கோமளா.

“அது யாருங்க?” என்றார் மாசாணம். “உங்களைக் கேட்டுத்தானுங்க எடுத்தேன்.”

“என்னையா!”

“தொடியலூர்த் தோட்டத்துக்கு உங்கப்பாவுக்கு மாடு புடிச்சுக் குடுக்கறவனுங்க நான். நேத்து வந்து, ஏனுங்க அம்மணி, மாட்டுக்குக் குளம்புப் புண்ணு, மயில்துத்தக் கரைசல் கொஞ்சம் எடுத்துக்கட்டுங்களான்னு கேட்டேன். எடுத்துக்கோங்கன்னு சொன்னீங்க. நீலமா இருந்தது அது ஒண்ணுதானுங்க.”

அக்கா கோமளாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். “ஐயாசாமி, அந்தத் துளிக் கணக்கைப் படி.”

நான் நோட்டைத் திறந்து படித்தேன். ஒவ்வொரு துளிக்கும் நேரம் எழுதியிருந்தது. துளிக்குத் துளி பத்து விநாடி. “இருபத்தொண்ணு, பத்தே முக்கால். இருபத்திரெண்டு, பத்து விநாடி கழிச்சு. இருபத்திமூணு, பத்து விநாடி கழிச்சு. மறுபடியும் இருபத்திமூணு, ஐம்பது விநாடி கழிச்சு.” நிறுத்தினேன். “பெயர்த்து எழுதினதுல என் தப்பா இருக்கும்னு நினைச்சேனுங்க.”

கோமளா வாயைப் பொத்திக்கொண்டார். விரல்களுக்கு நடுவிலிருந்து குரல் வந்தது. “யாரோ கேட்டாங்க... தலையை நிமித்தினா எண்ணிக்கை போயிருமேன்னு... ஐயோ, எடுத்துக்கோங்கன்னு சொல்லிப்போட்டேன்!”

நம் ஊரில் ஒருவர் மரியாதையாக வந்து கேட்டால் என்ன ஏதென்று பார்க்கும் முன்பே எடுத்துக்கோங்க என்று வந்துவிடும். அதுவும் கையில் வேலை இருந்தால் இரண்டு பங்கு மரியாதையாக வரும்.

“அக்கா, உங்களுக்கு எப்பத் தெரியும்?” என்று கேட்டேன்.

“நீ பெயர்த்து எழுதும்போதே பாத்தேன். வண்டியில ஏறும்போது தெரியும்.”

“அப்பவே சொல்லியிருக்கலாமுங்களே!” என்றார் கோமளா.

“சொல்லியிருந்தா வெக்கத்துல நீ மெதுவா ஓட்டியிருப்பே. சீசாவைக் காட்டுங்க, மாசாணம்.”

அவர் தன் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். காலி. ஒரு சொட்டுக்கூட இல்லை.

கோமளா வேப்பமரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் சீசாவைத் தலைகீழாகப் பிடித்து இன்னொரு தரம் சரிபார்த்தேன்.

“அழாதீங்க அம்மணி, கொட்டிப்போடலீங்க” என்றார் மாசாணம் பதறி. “வழியில துண்டுல கொஞ்சம் ஒழுகிருச்சு. மீதியெல்லாம் இதுல ஊத்தி வெச்சிருக்கனுங்க.”

மரத்தின் மறுபக்கம் ஒரு பெரிய பீங்கான் பேசின். அதில் பாதிக்கு மேல் நீலம். பக்கத்தில் பெராக்சைடு என்று சீட்டு ஒட்டிய பழுப்புச் சீசாக்கள் வரிசையாகக் காலியாகக் கிடந்தன.

“முதல்ல கால்நடை ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் குடுத்த நுரை மருந்துல குளம்பைக் கழுவினனுங்க. அப்புறம் உங்க மருந்தை எடுக்கலாம்னு பேசின்ல ஊத்தறேன், அடியில நுரை மருந்து கொஞ்சம் இருந்திருக்குது. பாருங்க, பொங்கல் பானை கணக்காப் பொங்குச்சு! கூட்டம் கூடிப்போச்சு. அந்த நுரையை அகப்பையில அள்ளிக் குளம்புல வெச்சேன். அப்புறம் ஒவ்வொருத்தரா, எம்பட மாட்டுக்கும் வைங்க, எம்பட மாட்டுக்கும் வைங்கன்னு வந்துட்டாங்க. நீல மருந்து தீந்துபோயிருமேன்னு நான் அதைத் தொடவே இல்லீங்க. நுரை மருந்தை மட்டும் ஊத்துவேன், பொங்கும். அள்ளுவேன். மறுபடி ஊத்துவேன், பொங்கும். அந்த நீலம் தீரவே மாட்டேங்குதுங்க!”

கோமளா மெல்ல எழுந்து நின்றார். “எத்தனை தடவை?”

“அது யாருங்க எண்ணினது? மாட்டுக்கு ஒரு தடவை. ஒரே மாட்டை ரெண்டாந்தரம் ஓட்டியாந்துருவாங்கன்னு, முடிஞ்ச மாட்டுக்கெல்லாம் நெத்தியில சுண்ணாம்புப் பொட்டு வெச்சு அனுப்பினனுங்க.”

மூன்று பேரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இருபதாயிரம் மாட்டுக்கு நடுவே சுண்ணாம்புப் பொட்டு வைத்த மாடுகளை எண்ணுவது எப்படி என்று எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லை. முதல் சுற்றில் நாற்பது வந்தது. சந்தேகம் வந்து இன்னொரு சுற்றுப் போனேன். நாற்பத்திரண்டு. மாடு நகர்கிறது; அதுதான் சிக்கல். மூன்றாம் சுற்றில் ஒவ்வொன்றுக்கும் நிறம், கொம்பின் வளைவு, சொந்தக்காரர் பேர் எல்லாம் எழுதி, எழுதிய மாட்டின் கொம்பில் என் பென்சிலால் ஒரு கீறும் போட்டேன். ஒரு மயிலைக்காளை என்னைக் கரும்புச் சாறு வண்டிக்குள் தள்ளியது. அதன் பேரையும் எழுதிக்கொண்டேன். நாற்பத்தொன்று. முப்பத்தெட்டு மாடு, மூன்று எருமை. நான்காவது சுற்றுப் போகலாமா என்று கேட்டேன். அக்கா என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டார்.

“நாற்பத்தொண்ணு!” கோமளா கத்தியதில் பக்கத்துக் குதிரை இரண்டு காலில் நின்றது. “நான் பன்னெண்டுதான் பாத்தேன்! பெராக்சைடு தீந்துபோச்சுன்னு நிறுத்தினேன்! நாற்பத்தொண்ணு!” மாசாணத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். சந்தையில் துண்டு போடாமல் யாரும் கை பிடிப்பதில்லை என்பதால் மாசாணம் வெட்கத்தில் என்ன விலை சொல்வது என்று தெரியாமல் நின்றார்.

திரும்பும்போது வண்டியை நான்தான் ஓட்டினேன். அக்காவுக்கு ஓட்டத் தெரியாது. கோமளா பருத்தி கலக்காத நைலக்ஸ் சேலை உடுத்தியிருந்ததால் பேசினை அவர் மடியில் வைத்துக்கொண்டார். பவானிசாகர் அணையையே மடியில் தாங்குவது போல மூச்சு விடாமல் இருந்தார். அன்னூர் தாண்டும்போது மட்டும் ஒரு தரம் பேசினார். “நாளைக்கு முதல்ல பிரின்சிபால்கிட்டப் போகோணுங்க. சென்னகேசவன் பேரை நான்தான் கெடுத்தேன்.”

“பேசின் நடுங்குது” என்றார் அக்கா. “நாளைக்குப் பேசலாம்.”

சாயங்காலம் வகுப்பில், கோமளாவின் பன்னிரண்டு சுற்றையும் சேர்த்து, அந்த மாட்டுப் பட்டியலை ஆங்கிலத்தில் டைப் அடித்தேன். எருமைக்குச் சரியான வார்த்தை எது என்று அகராதியில் இரண்டு தரம் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பரீட்சகர் வந்தார். ஒல்லியான மனிதர், குளிர்ந்த கண்கள். அவர் வருவதற்குக் கால் மணி முன்பே கோமளா பிரின்சிபால் முன்னால் சென்னகேசவனிடம் மன்னிப்புக் கேட்டிருந்தார். “சரிங்க, ஆனா பொங்கினாத்தான் நம்புவேன்” என்று சொல்லிவிட்டு அவர் சுவரோரம் கையைக் கட்டி நின்றார்.

பரீட்சகர் யாரையும் தொட விடவில்லை. பேசினிலிருந்து தானே இரண்டு சொட்டு எடுத்தார். தானே பெராக்சைடு ஊற்றினார். பொங்கியது. அடங்கியது. ஊற்றினார். பொங்கியது. மூன்றாவது தரம் ஊற்றும்போது சென்னகேசவனின் கட்டிய கை அவிழ்ந்தது. ஆறாவது தரம் பரீட்சகர் கோட்டைக் கழற்றினார். ஒன்பதாவது தரம் சென்னகேசவனே அடுத்த சீசாவைத் திறந்து நீட்டினார். பதினான்காவதில் பரீட்சகர் நாற்காலியில் உட்கார்ந்து, கீழே இன்னும் நீலமாக இருந்த அந்த இரண்டு சொட்டையும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

பிறகு நான் டைப் அடித்த பட்டியலை எடுத்தார். முதல் பன்னிரண்டு சுற்று, கவனித்தவர்: கோமளா. அடுத்த நாற்பத்தொரு சுற்று, கவனித்தவர்: மாசாணம். அவர் விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. எருமைகளில் சிறிது நேரம் நின்றது. எனக்கு வியர்த்தது.

“இந்த மாசாணம்” என்று ஆங்கிலத்தில் கேட்டார், “எந்தப் பல்கலைக்கழகம்?”

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்குவது எனக்கு மட்டும் தெரிந்தது. நான் என் வாயை இரண்டு கையாலும் மூடிக்கொண்டேன்.

கோமளா நிமிர்ந்து நின்றார்.

“அந்தியூர், ஐயா.”

பரீட்சகர் தலையாட்டினார். பேனா மூடியைக் கழற்றி, ஊர்ப் பேரை எழுத்துக் கூட்டிக் கேட்டு அப்படியே எழுதிக்கொண்டு, கீழே கையெழுத்துப் போட்டார்.